அரிசியை நிறுப்பதா? சோற்றை நிறுப்பதா?

எமது கல்லூரி விடுதியில் வாழ்ந்த பழைய மாணவர்கள் ஆங்கிருந்த சமையற்கட்டை மறந்திரார். சமையற்காரர் அன்று உண்போரின் தொகையைக் கேட்டறிந்து, தலைக்கு இவ்வளவு என்று அரிசியைச் சுண்டினால் அளந்து உலையிலிடுவர். அவர் சோற்றை அளந்ததை யாம் ஒருநாளும் கண்டதில்லை. அச்செயலில் அமைந்த அறிவை, நாற்பது வயது கடந்து சலரோகம் வந்தெய்திய பின்னரே யாம் உணர்ந்தோம். உணவைக் கலோரிக் கணக்கில் உண்ணுமாறு வைத்தியராற் பணிக்கப்பட்டோர் அன்பர்களுள்ளும் இருப்பர். அவர்க்குப் பயன்படுமெனக் கருதி இதனை வரைகின்றோம்.

கலோரி என்பது வெப்பத்தின் அளவை. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசு உயர்த்துதற்கு வேண்டும் வெப்பமே உணவு நூலார் கூறும் கலோரியாம். அமெரிக்க இரசாயன அறிஞர் அற்வாட்டர் (1844–1907) வகுத்த முறைப்படி, மாச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரியும், கொழுப்புக்குக் கிராமுக்கு 9 கலோரியும் கொள்ளப்படும். நீருக்கு நிறை உண்டு; கலோரி இல்லை. மயக்கம் அனைத்தும் இங்கிருந்தே பிறக்கின்றது.

எமக்கு நேர்ந்ததைக் கூறுவோம். பகலுணவில் அரிசியால் வருவது 350 கலோரி அளவில் நிற்கட்டும் என்றார் வைத்தியர். ஆங்கில அட்டவணையொன்றில் 'றைஸ்' 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 எனக் கண்டோம். அதனைச் 'சோறு' என மொழிபெயர்த்துக் குறிப்பேட்டில் எழுதி, நாள்தோறும் 100 கிராம் சோற்றைத் தராசில் நிறுத்து உண்டோம். இரண்டு கிழமை செல்லுமுன் பிற்பகற் பாடவேளைகளிற் கை நடுங்கிற்று, கண் இருண்டது. ஒருநாள் கரும்பலகையில் எழுதத் தொடங்கிய செய்யுளை முடிக்கமாட்டாது நாற்காலியில் அமர்ந்தோம். நோய் முற்றியதென்றே அஞ்சினோம். அன்று மாலை எம் இல்லாள் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்து, "இஞ்சாருங்கோ, நீங்கள் நிறுக்கிறது சோறு, இது அரிசிக் கணக்கல்லோ?" என்றார்.

நெல், அரிசி, சோறு என நிலைக்கொரு சொல் வகுத்த மொழியைக் கற்பிக்கும் யாம், அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரு சொல்லே வழங்கும் மொழியிலிருந்து பெயர்க்குங்கால் இடறினோம். 100 கிராம் அரிசி வெந்தபின் நீரை ஏற்று 250 முதல் 300 கிராம் வரை நிறையும். ஆகலின் 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 130 கலோரியே உண்டு. மருந்தை முழு அளவிலும், சோற்றை அதற்குரியதில் மூன்றிலொரு பங்களவிலும் கொண்டமையாற் குருதியிற் சர்க்கரை தாழ்ந்தது. இன்சுலின் ஏற்றுவோர்க்கு இப்பிழை இன்னும் கொடிது. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 80 கிராம் மாச்சத்து. அதேயளவு சோற்றில் 28 கிராம் மட்டுமே. மறுதலையாக, அரிசியை நிறுத்துச் சோற்றுக்குரிய எண்ணால் கணக்கிடுவோர் தாம் கருதியதிலும் இருமடங்குக்கு மேல் உண்பர்.

பருப்பும் அரிசி போன்றதே. உலர்ந்த 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி, வெந்ததில் 115 அளவு. இறைச்சி இதற்கு மாறானது. தீயில் நீரை இழந்து ஏறக்குறையக் காற்பங்கு நிறை குன்றும். தோல் நீக்கிய கோழி நெஞ்சிறைச்சி 100 கிராம் பச்சையாயின் 120 கலோரி; சமைத்தபின் அதேயளவில் 165. பொரியலோ இருவகையிலும் மாறும். நீரை இழந்து எண்ணெயை ஏற்கும். பச்சை உருளைக்கிழங்கு 100 கிராமில் 77 கலோரியே; மெல்லிய சீவலாய்ப் பொரித்தபின் 500க்கு மேல். ஆகவே பொரிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெயையும் நிறுத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் எதை நிறுப்பது? எதையும் நிறுக்கலாம், நிறையும் எண்ணும் ஒரே நிலைக்கு உரியனவாதல் வேண்டும். எனினும் சமைக்குமுன் நிறுத்தலே உறுதியானது. குழைய வெந்த சோறும் பதமாய் வடித்த சோறும் நீரளவில் வேறுபடும். அரிசி அங்ஙனம் மாறாது. குடும்பத்துக்கெல்லாம் ஒரே பானையில் உலைவைக்கும் வீட்டிற்கு வழி இது: 300 கிராம் அரிசியிட்டோம், கலோரி 1,050. வெறும் பானையின் நிறையைக் கழிக்கச் சோறு 840 கிராம். எனவே 100 கிராம் சோற்றுக்கு 125 கலோரி. 200 கிராம் உண்பார்க்கு 250. கஞ்சி வடிப்பின் மாச்சத்திற் சிறிது அதனோடு செல்லும்; கஞ்சியைக் குடிப்பின் அதுவும் மீளும்.

அளவறிந்து உண்ணுமாறு திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தினார். அவ்வதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கின்றோம். இப்பொழுது அதனைக் கற்பிக்கும்போது, எதன் அளவு என்பதையும் மாணவரிடம் வினவுகின்றோம். எம் வீட்டுத் தராசு இன்று அரிசிப் பானையின் அருகில் இருக்கின்றது.