ரயிலைச் சுமந்த கப்பல்

சிகாகோவில் ராண்டால்ஃப் தெரு மிச்சிகன் ஏரியில் போய் முடிகிற இடத்தில், கரையோடு கட்டப்பட்டு நிற்கிறது பழைய கப்பல் ஆபெக்வெய்ட். நீளம் 372 அடி. பாய்மரப் படகுக்காரர்களின் கொலம்பியா யாட் கிளப்புக்கு இதுதான் இருப்பிடம். மேலே சாப்பாட்டுக்கூடம், மதுக்கூடம். எதிரே ஏரியில் வெள்ளைப் பாய்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மேல்தளத்தில் நின்று நகரத்தின் கோபுரக் கட்டடங்களைப் படமெடுப்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் கீழ்த்தளத்துக்குப் போகவேண்டும். ஒரு முழு ரயில் நின்ற இடம் அது.

இந்தக் கப்பல் ஓடியது கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கு. அந்தத் தீவு 1873இல் கூட்டாட்சியில் சேர்ந்தபோது, தபாலும் பயணிகளும் ஆண்டு முழுக்கக் கடல் கடக்க நீராவிக் கப்பல் விடுவோம் என்று மத்திய அரசு வாக்குக் கொடுத்தது. கொடுப்பது சுலபம், குளிர்காலத்தில் நார்தம்பர்லேண்ட் நீரிணை உறைந்துவிடுமே! அப்போதெல்லாம் பனிப்படகுதான் கதி. தண்ணீர் தெரிந்தால் துடுப்புப் போடுவார்கள், பனிப்பாளம் குறுக்கிட்டால் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படகை இழுப்பார்கள். குறைந்த கட்டணம் கொடுத்த ஆண்களும் சேர்ந்து இழுக்க வேண்டும். கூடுதலாகக் கொடுத்தவர் உட்கார்ந்தே வரலாம்.

பிறகு பனியுடைக்கும் கப்பல்கள் வந்தன. அவற்றில் ஒன்றான சார்லட்டவுன் 1941இல் மூழ்கியது. அந்த இடத்தை நிரப்ப, கியூபெக்கின் சொரேலில் கட்டப்பட்டு 1947இல் வேலைக்கு வந்ததுதான் ஆபெக்வெய்ட். எட்டு டீசல் எஞ்சின்கள் மின்சாரம் எடுத்துக் கொடுக்க, முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக உந்திகள் சுழன்றன, 12,000 குதிரைத்திறன். முன்னுந்திகள் பனிக்கு அடியிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். தாங்க ஆளில்லாத பனி, கப்பலின் எடையில் நொறுங்கும். 950 பயணிகளோடு 60 கார்கள், அல்லது 16 பெட்டி ரயில் ஏறும். உருளைக்கிழங்கு விளைகிற தீவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

1982இல் புதுக் கப்பல் வந்தது. பெயரையும் அதுவே எடுத்துக்கொள்ள, பழையது 'ஆபி' ஆனது. மறு ஆண்டு கிளப் அதை வாங்கி, செயின்ட் லாரன்ஸ் ஆற்றுவழியாக ஏரிக்குக் கொண்டுவந்தது. பனியோடு மல்லுக்கட்டிய உடம்புக்கு விருந்து உபசாரம் கொஞ்சம் அற்பமான வேலைதான். குறை சொல்ல மனம் வரவில்லை. வேறு வேலை எது இதைக் காப்பாற்றியிருக்கும்? தீவில் 1989இல் ரயிலே நின்றுபோனது. 1997இல் நீரிணையின் மேல் 12.9 கிலோமீட்டர் பாலம் திறந்ததும் புதிய ஆபெக்வெய்ட்டுக்கும் வேலையில்லை. விற்கப்பட்டு, கடைசியில் நம் குஜராத்தின் அலாங் கரைக்கு வந்து, 2004இல் இரும்பாக உடைபட்டது.

மூத்தது மிதக்கிறது. தீவுக்காரர் யாராவது சிகாகோ போனால் போய்ப் பார்க்கலாம். தனியார் கிளப் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.