ஆயுதம் கிடையாது... ஓடு!

ராத்திரி பதினொன்றரை. அக்கா பையனின் லேப்டாப் முன்னால் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, பயமா இருந்தா சொல்லுங்க, நிறுத்திடலாம்."

பி.காம். படித்துவிட்டு பத்து வருஷம் கணக்கு எழுதியவனிடம் கேட்கிற கேள்வியா இது? மார்ச் 31-ஐப் பார்க்காத பயமா!

நாலாவது நிமிஷம், "டேய், லைட்டைப் போடுடா" என்று அலறிவிட்டேன்.

விளையாட்டின் பெயர் 'அம்னீஷியா'. இதற்குக் காரணமான ஆசாமி ஸ்வீடன்காரர் தாமஸ் கிரிப். ஹெல்சிங்போர்க் நகரத்தில் நண்பர் ஜென்ஸ் நில்சனோடு சேர்ந்து 2007-ல் 'ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ்' என்ற சின்னக் கம்பெனியை ஆரம்பித்தவர். 2006-ல் இலவச டெமோவாக வந்த 'பெனும்ப்ரா'தான் முதல் சரக்கு. அதை 2007-ல் முழு விளையாட்டாக்கி விற்றார்கள். அதில் சுத்தியல், பிக்காக்ஸ் எல்லாம் உண்டு. ஆடுகிறவர் என்ன செய்வார்? பேயைப் போட்டுச் சாத்துவார். சாத்த முடிகிற பேயிடம் யாருக்கு சார் பயம் வரும்?

அடுத்த பாகத்தில் ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டார்கள். 2010-ல் வந்த 'அம்னீஷியா'விலும் அதேதான். காலம் 1839, பிரஷ்யாவில் ஒரு கோட்டை. நினைவிழந்து எழுகிறான் டேனியல். கையில் ஒரு விளக்கும் கொஞ்சம் எண்ணெயும்தான். இங்கேதான் சூட்சுமம். விளக்கை ஏற்றினால் பிசாசு உன்னைப் பார்த்துவிடும். அணைத்துவிட்டு இருட்டில் பதுங்கினால் புத்தி பேதலிக்கும். ரெண்டு பக்கமும் அடி!

கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் செய்த இந்த விளையாட்டு, தள்ளுபடி விற்பனையெல்லாம் சேர்த்து 2012-க்குள் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அலறிக்கொண்டே இதை ஆடி யூட்யூபில் போட்டுப் பேர் வாங்கினார் 'பியூடைபை'. அவரும் ஸ்வீடன்காரர்தான்! 2015-ல் கிரிப் குழு கடலுக்கடியில் நடக்கும் 'சோமா'வைக் கொடுத்தது. ஒருத்தன் மூளையை நகல் எடுத்தால் எது அசல், எது நகல் என்று நம்மைத் தூங்கவிடாமல் செய்கிற கதை. 2017-ல் அதற்கே பேய் கொல்லாத ஒரு முறையைச் சேர்த்தார்கள். பயம் பல்லிலும் நகத்திலும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கும் அன்றைக்குத் தெரிந்தது. அப்போது என் வேலை போய் இருபத்திரண்டு நாள். கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பார்க்கில் உட்கார்ந்துவிட்டு, ஆறு மணிக்கு 'களைத்து' வருவேன். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பதுங்கியிருந்த டேனியல் வேறு யாருமில்லை, நான்தான்.

விடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டேன். தொண்டை வறண்டது. ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "டிபன் பாக்ஸ்ல தினம் புல் ஒட்டிக்கிட்டு வந்தப்பவே தெரியும். நீங்களா எப்ப சொல்வீங்கன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். ரெண்டா, மூணா?"

மூணு சாப்பிட்டேன். அன்றைக்குத்தான் இந்த எழுத்துப் பிழைப்பை ஆரம்பித்தேன். கையில் ஆயுதம் இன்னும் இல்லை. ஆனால் விளக்கு எரிகிறது.