மூன்று கோடி ‘நண்பர்கள்’

2008-இல் சஹாரா குழுமத்தின் ரியல் எஸ்டேட் நிறுவனம் ஒன்று, விரும்பினால் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய கடன்பத்திரங்களை விற்கக் கிளம்பியது. யாருக்கு? நண்பர்கள், ஊழியர்கள், குழுமத்தோடு தொடர்புள்ளவர்கள். பொதுமக்களுக்கு இல்லை, ஆகவே இது ‘பிரைவேட் பிளேஸ்மென்ட்’ என்றது நிறுவனம். குழுமத்தின் இன்னொரு நிறுவனமும் அதே வழியில் வந்தது. கடைசியில் இரண்டுக்கும் சேர்த்து முதலீட்டாளர்கள் ஏறக்குறைய மூன்று கோடிப் பேர். ஆஸ்திரேலியாவில்கூட அப்போது அத்தனை ஜனம் கிடையாது!

தெரிந்த சிலரிடம் பத்திரம் விற்றுப் பணம் திரட்டுவது தவறே அல்ல. இந்தியக் கம்பெனிகளின் கடன்பத்திரங்களில் பெரும்பகுதி இப்படித்தான் விற்பனையாகிறது. பொது வெளியீடு என்றால் விளக்க அறிக்கை, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு என்று மாதங்கள் ஓடிவிடும். வாங்குவது எல்ஐசியோ மியூச்சுவல் ஃபண்டோ என்றால் அவ்வளவு காபந்து தேவையில்லை. கணக்கைப் புரட்டிப் பார்க்க அவர்களிடம் ஆள் இருக்கிறது. வீட்டு வாசலுக்கு வரும் ஏஜென்ட்டை நம்பி ஐயாயிரம் கொடுப்பவருக்கு யார் இருக்கிறார்கள்?

குழுமத்தின் வேறொரு நிறுவனம் 2009-இல் பொதுப் பங்கு வெளியிட அனுமதி கேட்டு செபியிடம் வந்தது. அந்த ஆவணங்களைப் படித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஐம்பது பேருக்கோ அதற்கு மேலோ விற்க முன்வந்தால் அது பொது வெளியீடே என்றது அன்றைய கம்பெனிச் சட்டம். 24,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை 15 சதவீத வட்டியோடு செபி வழியாகத் திருப்பித் தரும்படி 2012 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலீட்டாளர் ஆவணங்கள் என்று 127 லாரிகளில் காகிதம் மும்பையில் உள்ள செபிக்குப் போனது. தீர்ப்பை நிறைவேற்றாததால் 2014 மார்ச்சில் குழுமத் தலைவர் சுப்ரதா ராய் திகார் சிறைக்குப் போனார்.

பணத்தைக் கேட்டு வந்தவர்களோ கொஞ்சம்பேர். 2023 மார்ச் வரை செபி திருப்பித் தந்தது சுமார் 138 கோடி. 25,000 கோடிக்கு மேல் வங்கியில் கிடந்தது. அந்த மூன்று கோடிப் பேரில் மற்றவர்கள் எங்கே என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

2013-இன் புதிய கம்பெனிச் சட்டமும் அதன் விதிகளும் ‘பிரைவேட் பிளேஸ்மென்ட்’டுக்கான வரம்பை ஓர் ஆண்டுக்கு 200 பேர் என்று வைத்தன. நிறுவன முதலீட்டாளர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சாதாரணப் பங்கு, முன்னுரிமைப் பங்கு, கடன்பத்திரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 200 என்பது கொஞ்சம் தாராளம்தான். விளம்பரம் கூடாது, ரொக்கம் வாங்கக் கூடாது, 60 நாளில் பத்திரம் ஒதுக்க வேண்டும். அழைப்புக் கடிதத்தில் வரிசை எண்ணும் வாங்குபவரின் பெயரும் இருக்க வேண்டும். ஏஜென்ட் நீட்டும் தாளில் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தால், அது உங்களுக்கென்று வந்த கடிதம் அல்ல.