கப்பலில் குழந்தைக்கு எந்த வண்டி?

கைக்குழந்தையுடன் உல்லாசக் கப்பலில் செல்வோர், தள்ளுவண்டி வாங்கும்போது விலைக்கு முன் அதன் அகலத்தைக் கவனிக்க வேண்டும். கப்பலில் பற்றாக்குறையான பண்டம் இடமே. பல கப்பல்களில் சாதாரண அறைக் கதவின் அகலம் 60 செ.மீ.க்கும் குறைவு. வண்டியை நடைவழியில் நிறுத்தவும் இயலாது; ஆபத்து நேரத்தில் அனைவரும் வெளியேறும் வழி அது.

கரையிலும் சிக்கல் உண்டு. கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவில் கப்பல்கள் கடலிலேயே நின்றுவிட, பயணிகள் சிறு படகில் கரைசேர்கின்றனர். மேலே ஃபிரா நகரை அடைய ரோப் கார் உண்டு. இல்லையேல் ஏறத்தாழ 600 படிகள். அங்கே குழந்தையை மார்போடு சுமக்கும் கேரியரே கைகொடுக்கும். குழந்தையின் முகம் மூடாமலும், மோவாய் மார்பில் அழுந்தாமலும் இருத்தல் வேண்டும்.

விலையுயர்ந்த பெரிய வண்டி ஒன்றைவிட, எளிதில் மடங்கும் குறுகிய வண்டியும் துணிக் கேரியரும் சேர்ந்து அதிகப் பயன் தரும். முன்பதிவின்போதே கதவின் அளவைக் கேட்டறிவது செலவில்லாத சிக்கனம்.