தங்கவயலில் புரோட்டானுக்குக் காத்திருந்த காலம்

புரோட்டானுக்கு அழிவு உண்டா இல்லையா என்பது இரண்டு எண்களின் கணக்கு. ஒன்று பேரியான் எண், மற்றது லெப்டான் எண். புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் பேரியான் எண் 1. அவற்றுக்குள் இருக்கும் குவார்க் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒன்று. எலெக்ட்ரானுக்கும் நியூட்ரினோவுக்கும் லெப்டான் எண் 1. எதிர்த்துகள் என்றால் கழித்தல் குறி. நியூட்ரான் சிதைந்து புரோட்டான், எலெக்ட்ரான், எதிர்நியூட்ரினோ என மூன்றாகும்போதும் பேரியான் எண் 1-ஆகவே நிற்கிறது. லெப்டான் பக்கம் ஒன்று கூடி ஒன்று கழிந்து சுழியம். இதுவரை சோதனைகளில் கண்ட எந்த வினையிலும் இந்தக் கணக்கு பிசகியதில்லை.

ஆனால் பிசகாததற்குத் தக்க காரணமும் இல்லை. மின்னூட்டம் மாறாமல் இருப்பதற்குப் பின்னால் மின்காந்த விசை காவல் நிற்கிறது. பேரியான் எண்ணுக்கு அப்படிக் காவல் எதுவும் கிடையாது. ஒடிசாவின் பாரிபதாவில் பிறந்த ஜோகேஷ் பதியும் அப்துஸ் சலாமும், 1973-74இல் குவார்க்கின் மூன்று நிறங்களோடு லெப்டானையும் நான்காவது நிறமாகச் சேர்த்தார்கள். 1974இல் ஜார்ஜி, கிளாஷோ இருவரும் எஸ்யூ(5) கொள்கையைக் கொண்டுவந்தார்கள். இரண்டிலும் குவார்க்கும் லெப்டானும் ஒரே குடும்பம். அப்படியானால் ஒன்று மற்றொன்றாக மாறத் தடை இல்லை.

எஸ்யூ(5)இல் இந்த மாற்றத்தைச் செய்வது எக்ஸ் என்னும் துகள். புரோட்டானுக்குள் இரண்டு அப் குவார்க், ஒரு டவுன் குவார்க். இரண்டு அப் குவார்க்குகள் சேர்ந்து எக்ஸ் ஆகின்றன: பேரியான் எண் மூன்றில் இரண்டு, லெப்டான் எண் சுழியம். அந்த எக்ஸ் உடைந்து எலெக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானும் எதிர்-டவுன் குவார்க்கும் வருகின்றன: பேரியான் எண் கழித்தல் மூன்றில் ஒன்று, லெப்டான் எண் கழித்தல் ஒன்று. தனித்தனியே பார்த்தால் இரண்டு எண்ணும் தவறிவிட்டன. ஆனால் பேரியான் எண்ணிலிருந்து லெப்டான் எண்ணைக் கழித்தால் முன்பும் மூன்றில் இரண்டு, பின்பும் மூன்றில் இரண்டு. மிஞ்சிய டவுன் குவார்க் எதிர்-டவுனோடு சேர்ந்து பையான் என்னும் துகள் ஆகிவிடுகிறது. புரோட்டான் போய், பாசிட்ரானும் பையானும் மிச்சம். இந்தக் கொள்கையில் உண்மையாகவே காக்கப்படுவது அந்த வித்தியாசம் மட்டும்தான்.

இதைக் கண்ணால் பார்க்க இறங்கிய முன்னோடிச் சோதனை கோலார் தங்கவயலில் நடந்தது. பழைய வட ஆற்காடு, சித்தூர் மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளாகத் தமிழர்கள் பிழைக்கப் போன சுரங்கம் அது. வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று என்ற பெயரை 1965லேயே வாங்கியிருந்தது. 1980இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் அங்கே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 140 டன் கருவியை நிறுத்தின. 10 சென்டிமீட்டர் சதுர இரும்புக் குழாய்கள், உள்ளே வாயு, நடுவில் மின்கம்பி. ஓர் அடுக்கு நெடுக்கே, அடுத்தது குறுக்கே என 34 அடுக்குகள். இடையிடையே இரும்புத் தகடுகள். குழாய்தான் எண்ணுகிறது, இரும்பின் எடைதான் புரோட்டான் கையிருப்பு.

அவ்வளவு ஆழம் எதற்கு? தரையில் நிற்பவரின் உள்ளங்கை வழியே நொடிக்கு ஒன்று வீதம் அண்டக்கதிர் மியூவான்கள் பாய்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த ஆழத்தில், 4 மீட்டருக்கு 6 மீட்டர் பரப்புள்ள கருவி முழுவதற்கும் நாளொன்றுக்குச் சுமார் இரண்டு. அந்த அமைதியில்தான் புரோட்டானுக்காகக் காத்திருந்தார்கள்.

1981இலும் அடுத்த ஆண்டிலும் புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று சில தடங்களைக் குழு வெளியிட்டது. அவை நியூட்ரினோ மோதலாகவும் இருக்கலாம் என்ற மறுப்பு எழுந்தது, மறுப்பே நிலைத்தது. அமெரிக்காவின் ஒகையோ உப்புச் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான டன் நீரோடு நடந்த சோதனை 1983இல் எஸ்யூ(5)இன் எளிய வடிவத்தைக் கழித்துக்கட்டியது. இன்று ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே நீர்க்கருவி புரோட்டானின் ஆயுளுக்குச் சொல்லும் கீழ்வரம்பு, பாசிட்ரான்-பையான் வழிக்கு, 2.4-ஐ 10-இன் 34ஆம் அடுக்கால் பெருக்கி வரும் ஆண்டுகள்.

எஸ்யூ(5) போனாலும் அந்தப் பேரியான்-லெப்டான் வித்தியாச எண் போகவில்லை. 1980இல் மார்ஷக்கும் ரவீந்திர மொகபாத்ராவும் அதற்கே ஒரு விசையைக் கொடுத்துப் பார்த்தார்கள். எஸ்ஓ(10) என்னும் இன்னொரு கொள்கையில் அது அடிப்படைச் சமச்சீர்மைகளுள் ஒன்று. மிக உயர்ந்த ஆற்றலில் அது உடைவதால்தான் நியூட்ரினோவுக்கு அற்ப நிறை கிடைக்கிறது என்பது விளக்கம். நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பதை 1998இல் காட்டியதும் சூப்பர் கமியோகாண்டேதான். புரோட்டானுக்காக வெட்டிய குழிகள் நியூட்ரினோவைக் கொடுத்தன.

கோலாரில் இரண்டாவதாக 260 டன் கருவியும் 2 கிலோமீட்டர் ஆழத்தில் 1985 முதல் ஓடியது. ஆனால் தங்கம் கட்டுப்படியாகாத சுரங்கத்தில் இயற்பியலுக்கு மட்டும் யார் ஆளிறக்கும் கேஜை ஓட்டுவார்கள்? 1990களின் தொடக்கத்தில் சோதனை நின்றது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கமே மூடப்பட்டது. 140 டன்னால் சூப்பர் கமியோகாண்டேயின் 50,000 டன் நீரோடு போட்டி போட முடியாது, போனால் போகட்டும் என்பாரும் உண்டு. ஆனால் டன்னை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம்; ஆழத்தைக் கூட்ட முடியாது. ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 2017இல் திறந்த ஆய்வுக்கூடம் 555 மீட்டரில் இருக்கிறது. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம், எதிர்ப்புகளுக்கு நடுவே, வரைபடத்தோடு நிற்கிறது. தங்கவயலில் இறைப்பு நின்றபின் ஊற்றுநீர் ஏறிவிட்டது. மேலே சயனைடு மண்மேடுகள் மட்டும் தெரிகின்றன.