வாலை வெட்டிய படம்!

ஆவடியிலிருந்து சென்னைக்கு வரும் காலை நேர மின்சார ரெயில். உட்கார இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்!

திருமுல்லைவாயல் தாண்டியதும் ஜன்னல் ஓரத்தில் குபீர் என்று ஒரு சிரிப்பு. வேலைக்குப் போகும் ஓர் இளம்பெண் கையில் செல்போன். அதில் ஒரு பூனை தயிர்ச் சட்டிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு, சட்டியும் தலையுமாக வீட்டைச் சுற்றி வருகிறது!

பக்கத்தில் இருந்த பாட்டியும் எட்டிப் பார்த்தார். பொக்கை வாய் திறந்து சிரித்தார்.

"எனக்கும் அனுப்பும்மா. பேத்திக்குக் காட்டணும்" என்றார்.

அம்பத்தூர் வருவதற்குள் பூனை நாலு செல்போன்களுக்குத் தாவிவிட்டது. வில்லிவாக்கத்தில் அது சிங்கப்பூருக்கே போயிருந்தாலும் ஆச்சரியம் இல்லை!

அன்றும் இதே ஆசைதான்

வேடிக்கை பார்ப்பதும், பார்த்ததைப் பத்துப் பேருக்குக் காட்டுவதும் மனிதனுடன் பிறந்த ஆசை.

1905-ம் ஆண்டில் திருச்சியில் ரெயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சலனப் படங்களைக் காட்டினார். ஓடாத படத்தையே பார்த்துப் பழகிய ஜனங்கள் ஓடும் படத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள்.

அந்தக் கூடாரம் இன்று நம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

யூடியூபில் ஏற்றப்பட்ட முதல் படம் எது தெரியுமா? 2005-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி ஏற்றப்பட்டது. அமெரிக்காவில் சான் டியாகோ மிருகக்காட்சி சாலையில் ஒரு வாலிபர் யானைகளுக்கு முன்னால் நின்று பேசுகிறார். மொத்தம் 19 விநாடிதான்!

நம் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தைப் பாருங்கள். ஒரு தாத்தாவும் பேரப் பிள்ளைகளும் வயல்வெளியில் பெரிய அண்டாவை வைத்துச் சமைத்தார்கள். 2018-ல் அந்தப் படங்களை யூடியூபில் போடத் தொடங்கினார்கள். மூன்றே ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அவர்கள் சந்தாதாரர்கள் ஆனார்கள்!

இதெல்லாம் நல்ல வேடிக்கை. ஆனால் விளையாட்டு வினையாவதும் உண்டு.

கராச்சியில் எடுத்த படம்

பாகிஸ்தானில் கராச்சி நகரம். தெருவில் சிறுவர்கள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள்!

பயப்படாதீர்கள். அது நடிப்பு. காணாமல் போகும் குழந்தைகளுக்காக உழைக்கும் ஒரு தொண்டு நிறுவனம் 2016-ல் எடுத்த எச்சரிக்கைப் படம் அது. கடைசியில் அதே ஆட்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கி விடுகிறார்கள். 'பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் ஓர் அட்டையைக் காட்டுகிறார்கள்.

யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் கடைசிக் காட்சியை வெட்டி எறிந்தான். குழந்தை திரும்பி வரவில்லை. பயம் மட்டும் மிஞ்சியது. வாலை வெட்டிய அந்தப் படம் 2018-ல் இந்தியாவின் செல்போன்களில் ஓடியது. 'பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்' என்ற வதந்தி தமிழ்நாட்டிலும் தீயாகப் பரவியது.

விளைவு என்ன?

அந்த ஆண்டு மே மாதம், போளூர் அருகே குலதெய்வக் கோவிலுக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் போனது. அறுபது வயது தாண்டிய ஓர் அம்மையார், வழியில் நின்ற குழந்தைகளுக்கு ஆசையாகச் சாக்லெட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது!

அதே மாதம் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்க விட்டார்கள். பழவேற்காடு எங்கோ இல்லை. ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கிற அதே திருவள்ளூர் மாவட்டம்தான்.

அனுப்பியவர்கள் யாரும் கொலைகாரர்கள் அல்ல. பிள்ளை பெற்றவர்கள், பயந்து போய் நாலு பேரை எச்சரிக்க நினைத்தவர்கள். அதுதான் இதில் பெரிய வேதனை.

2023-ல் இன்னொரு கூத்து

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் இந்தி பேசும் தொழிலாளிகள் பலரைப் பார்க்கலாம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளைத் தாக்குகிறார்கள் என்று சில படங்கள் பரவின. வேறு மாநிலங்களில் நடந்த சம்பவங்களின் படங்களும் அவற்றில் இருந்தன! பெற்றோர் ஊரில் பதறினார்கள். அவை பொய்ச் செய்தி என்று தமிழ்நாடு போலீசார் அறிவித்தார்கள். பீகார் அதிகாரிகள் நேரில் வந்து தொழிலாளிகளைச் சந்தித்துப் போன பிறகே பதற்றம் தணிந்தது.

கணக்குப் போடுங்கள்

ஒருவர் 5 பேருக்கு அனுப்புகிறார். அந்த 5 பேரும் ஆளுக்கு 5 பேருக்கு அனுப்புகிறார்கள். இப்படியே போனால் பத்தாவது சுற்றில் மட்டும் 97 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் போய்விடும்!

அதனால்தான் வாட்ஸ்அப் நிறுவனம் 2018-ல் இந்தியாவில் ஒரு கட்டுப்பாடு கொண்டு வந்தது. வந்த செய்தியை ஒரே சமயத்தில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாது. பல கை மாறி வந்த செய்தியை 2020 முதல் ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம்.

அடையாளமும் உண்டு. படத்தின் மேல் ஓர் அம்புக்குறி இருந்தால், அனுப்பியவர் எடுத்த படம் அல்ல. வேறு யாரோ அவருக்கு அனுப்பியது. இரட்டை அம்பு இருந்தால், பல கை மாறி வந்தது. இரட்டை அம்பைக் கண்டால் இரட்டிப்பு ஜாக்கிரதை!

பாட்டியின் கேள்விகள்

ரெயிலுக்கு வருவோம். பெரம்பூர் நெருங்கும்போது அந்தப் பெண்ணின் செல்போன் மறுபடி கூவியது. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்தது.

"பாட்டி, பள்ளிக்கூட வாசல்ல பிள்ளையைத் தூக்கறாங்களாம்! எல்லாருக்கும் அனுப்பச் சொல்லிருக்கு!"

பாட்டி பதறவில்லை.

"எந்த ஊருன்னு போட்டிருக்கா?"

"இல்லை பாட்டி."

"எப்போ நடந்ததாம்?"

"அதுவும் இல்லை."

"உனக்கு அனுப்பினவ தன் கண்ணால பார்த்தாளாமா? கேளு."

அந்தப் பெண் கேட்டாள். பதில் வந்தது: 'எனக்கும் யாரோ அனுப்பினதுதான்.'

"அப்போ உன்னோட நிக்கட்டும். உன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டாச்சான்னு வீட்டுக்குப் போன் போட்டுக் கேளு. அது போதும்" என்றார் பாட்டி.

அந்தப் பெண் வீட்டுக்குப் பேசினாள். பிள்ளை பத்திரமாக வகுப்பில் இருந்தது. படம் அவள் செல்போனைத் தாண்டிப் போகவில்லை.

பாட்டி பூனைப் படத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார்.