கடலில் நனைந்த கார் சாவி... ராமேஸ்வரம் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் நிற்க இடம் இருக்காது. தர்ப்பணம் கொடுத்துவிட்டுக் கடலில் மூழ்கி எழுபவர்கள், அந்த ஈரத் துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் நீராடுவார்கள். கடலில் இறங்கும்முன் போன், பர்ஸ், நகை எல்லாம் பத்திரமாக ஒருவர் கைக்குப் போய்விடும். பலருக்கு மறந்துபோவது ஒன்றே ஒன்றுதான். பேன்ட் பாக்கெட்டிலோ இடுப்பு மடிப்பிலோ இருக்கும் கார் சாவி!

தரிசனம் முடித்து வந்து பட்டனை அழுத்தினால் கார் அசையாது. மதுரை 170 கிலோமீட்டருக்கு மேல். ராமநாதபுரம் போகவே பாம்பன் பாலம் தாண்டி 55 கிலோமீட்டர். கூடவே பசியோடு குழந்தைகளும், கால்வலியோடு பெரியவர்களும் நின்றால் எப்படி இருக்கும்? அந்தப் பதற்றத்தில் பலரும் பட்டனை மறுபடி மறுபடி அழுத்துவார்கள். சாவியைக் காப்பாற்ற இருக்கும் வாய்ப்பும் அதில்தான் போகிறது.

ஒரு சாவிக்குள் மூன்று வேலைகள்

இன்றைய கார் சாவி பார்க்க ஒன்றாக இருந்தாலும், உள்ளே மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, உலோகச் சாவி. கதவைத் திறக்க, பழைய முறையில் இக்னிஷனைத் திருப்ப இது உதவும். பட்டன் ஸ்டார்ட் கார்களின் ஸ்மார்ட் கீயிலும் ஒரு சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, ரிமோட். பட்டனை அழுத்தினால் கதவைப் பூட்டித் திறப்பது இதுதான். இதற்கு பேட்டரி வேண்டும். பல சாவிகளில் இருப்பது சிஆர் 2032 என்கிற 3 வோல்ட் காயின் பேட்டரி.

மூன்றாவது, இம்மொபிலைசர் சிப். ‘இது என் காரின் சாவிதான்’ என்று இன்ஜினுக்கு அடையாளம் சொல்வது இது. இந்த அடையாளம் பொருந்தாவிட்டால் இன்ஜின் ஓடாது. கார் திருட்டைத் தடுக்க வந்த இந்த வசதி, ஐரோப்பிய நாடுகளில் 1998-ல் இருந்து புதிய கார்களுக்குக் கட்டாயம். இந்தச் சிப்புக்கு பேட்டரி தேவையில்லை. சாவி பக்கத்தில் வந்ததும், காரில் இருக்கும் காயிலில் இருந்து வரும் மின்காந்த அலையே அதற்குச் சக்தி கொடுக்கும்.

ரிமோட் செத்துவிட்டதாலேயே கார் ஓடாது என்று முடிவு கட்ட வேண்டாம். பல நேரங்களில் சிப் உயிரோடுதான் இருக்கும்.

உப்புத் தண்ணீர் என்ன செய்கிறது?

மழையில் நனைந்த சாவி காய்ந்ததும் வேலை செய்யலாம். கடலில் நனைந்த சாவி அப்படியல்ல. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். உள்ளே பேட்டரி இருக்கும்வரை சர்க்யூட் போர்டில் மின்சாரம் கண்ட இடத்தில் பாயும். செம்புக் கோடுகள் அரித்து, பச்சை நிறத்தில் களிம்பு பிடிக்கும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறும்போது அரிப்பு மறுபடி ஆரம்பிக்கும். அதனால்தான் அன்று வேலை செய்த சாவி, ஊர் திரும்பிய சில நாளில் கைவிடுகிறது.

அக்னி தீர்த்தம் மட்டுமல்ல... தேவிபட்டினம் நவபாஷாணம், சேதுக்கரை, அரியமான் கடற்கரை, தனுஷ்கோடி என்று இந்தக் கரையில் கால் நனைக்கும் எல்லா இடத்துக்கும் இது பொருந்தும்.

முதல் பத்து நிமிடம்

* நனைந்தது தெரிந்ததும் எந்தப் பட்டனையும் அழுத்தாதீர்கள்.

* சாவியைத் திறந்து பேட்டரியை உடனே எடுத்துவிடுங்கள். பெரும்பாலான சாவிகளின் ஓரத்தில் சின்னப் பள்ளம் இருக்கும். உள்ளே இருக்கும் உலோகச் சாவியை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் நாணயத்தை வைத்து மெதுவாகத் திருப்பினால் திறக்கும். பேட்டரியின் ‘பிளஸ்’ பக்கம் எப்படி இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

* அந்த பேட்டரியைக் குழந்தைகள் கையில் கிடைக்காமல் வையுங்கள். காயின் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயே புண்ணாகி உயிருக்கு ஆபத்தாகலாம். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

* அடுத்து, சர்க்யூட் போர்டை நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஏற்கெனவே நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று தோன்றும். ஆனால், உப்பை வெளியேற்ற வேறு வழியில்லை. பேட்டரி இல்லாத போர்டை நல்ல தண்ணீர் அவ்வளவு பாதிக்காது. பாட்டில் குடிநீரே போதும். டிஸ்டில்டு வாட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

* பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை இருந்தால், போர்டு கழுவப் பயன்படுத்தும் ஐபிஏ திரவத்தால் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். அது ஈரத்தையும் சேர்த்து எடுத்துவிடும்.

* நிழலில், மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் காய வையுங்கள். அரிசி டப்பாவில் போடுவது உப்பை எடுக்காது. வெயிலில் டேஷ்போர்டு மீது வைப்பதும், ஹேர் டிரையரின் சூட்டைக் காட்டுவதும் பிளாஸ்டிக்கையும் போர்டையும் கெடுக்கும்.

* நன்றாகக் காய்ந்த பிறகு புது பேட்டரி போட்டுப் பாருங்கள்.

அதுவரை காரை எப்படி எடுப்பது?

சாவிக்குள் இருக்கும் உலோகச் சாவியால் டிரைவர் கதவைத் திறங்கள். சில கார்களில் சாவித் துவாரம் கைப்பிடியின் மூடிக்குள் மறைந்திருக்கும். கதவு திறந்ததும் அலாரம் அடிக்கலாம், பயப்பட வேண்டாம். வண்டி ஸ்டார்ட் ஆனதும் நின்றுவிடும்.

பட்டன் ஸ்டார்ட் காராக இருந்தால், பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியை ஸ்டார்ட் பட்டன் மீது ஒட்டி வைத்து அழுத்துங்கள். சில மாடல்களில் சாவி வைக்க வேண்டிய இடம் கப் ஹோல்டர் பக்கமோ, ஸ்டீயரிங் பக்கமோ இருக்கும். காருடன் வந்த கையேட்டில் அது படத்தோடு இருக்கும். பேட்டரியே இல்லாவிட்டாலும் சிப் வேலை செய்தால் கார் கிளம்பிவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சாவி பழுதாகி, காருக்குள் குழந்தையோ முதியவரோ மாட்டிக்கொண்டால், மெக்கானிக் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் சில நிமிடங்களிலேயே சூடு ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். அவர்களிடமிருந்து தள்ளி இருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்து வெளியே எடுங்கள்.

பழுதானது எது?

கார் ஸ்டார்ட் ஆகிறது, பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பழுது ரிமோட்டில்தான். பேட்டரி, பட்டன் சுவிட்ச், போர்டு என்று இதைப் பெரும்பாலும் சரிசெய்யலாம்.

சாவி திரும்புகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. மீட்டரில் சாவி அல்லது கார் படம் மின்னுகிறது. அப்படியென்றால் காருக்குச் சிப் தெரியவில்லை என்று அர்த்தம்.

மேல் கவர் மட்டும் உடைந்திருந்தால் கவரை மாற்றினால் போதும். ஆனால், சில சாவிகளில் சிப் போர்டில் ஒட்டியிருக்காது. சின்னத் தனித் துண்டாக கவருக்குள் சொருகியிருக்கும். பழைய கவரைத் தூக்கிப் போடும்போது அதுவும் போய்விட்டால் கார் கிளம்பாது. கவர் மாற்றும்போது கூடவே நின்று பாருங்கள்.

புதுச் சாவி வாங்கும்போது...

காப்பாற்ற முடியாது என்றால், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போவது நல்லது. ஆர்.சி., அடையாள அட்டை, கார் வாங்கும்போது சாவியோடு கொடுத்த குறியீட்டு எண் அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியையும் கொண்டுபோக வேண்டும். சில கார்களில் புதுச் சாவியைப் பதியும்போது பழைய பதிவுகள் அழிந்துவிடும்.

வெளிக்கடையில் செய்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். காரில் மொத்தம் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று கருவியில் காட்டச் சொல்லுங்கள். சாவி தொலைந்திருந்தால் அதன் பதிவை அழிக்கச் சொல்வதோடு, காவல் நிலையத்திலும் புகார் கொடுத்துவிடுங்கள். பின்னால் கார் திருடு போனால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது ஒரிஜினல் சாவிகளைத்தான். பழுதான சாவியையும் அதற்காகவே பத்திரமாக வையுங்கள்.

ஸ்மார்ட் கீ மாற்ற பல ஆயிரம் ரூபாய் ஆகலாம். கார் பாலிசியோடு சாவிக்கென்று தனி ஆட்-ஆன் எடுக்க முடியும். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா, நனைந்து பழுதானாலும் பணம் கிடைக்குமா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்...

1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு, 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு எல்லாரும் காரிலேயே போகிறார்கள். இரண்டு பக்கமும் கடல், பொழுது சாய்ந்தால் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சாவி செத்துப்போனால் உதவிக்கு ஓடிவரப் பக்கத்தில் மெக்கானிக் கடையும் கிடையாது. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கான 1033 எண்ணையும், உங்கள் காரின் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எண்ணையும் போனில் பதிந்துவையுங்கள்.

அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. எந்தக் குடும்பத்திலும் தண்ணீரில் இறங்காமல் கரையில் உட்கார்ந்து செருப்புக்கும் பைக்கும் காவல் இருக்கும் ஒரு பாட்டியோ பெரியப்பாவோ இருப்பார். செருப்பைக் கழற்றி வைக்கும்போதே, கார் சாவியையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்!